ஓடைக்கரை நத்தையும் ரைன்கரை நத்தையும்

வேலம்பாளையத்தில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை பொழுதோட வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசை மேல் பனியன் துணித் துண்டில் கட்டிய மூட்டை ஒன்று இருந்தது. பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று அவர் காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாலே தெரிந்தது.

“கண்ணு, கையக் கழுவிட்டு வந்து இதென்னன்னு பாரு.”

அவிழ்த்தேன். சாம்பல் நிற மண் கட்டிகள். ஒன்றை விரலால் நெரித்ததும் மாவாக உதிர்ந்து, உள்ளே இருந்து சின்னச் சின்ன நத்தைக் கூடுகள் விழுந்தன. சில அரிசி அளவு. சில சுண்டைக்காய் அளவு. நிறமெல்லாம் போய் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தன.

“ஓடைக்கரைத் தோட்டத்துல தண்ணித் தொட்டிக்குக் குழி எடுக்கறமல்ல, ஆள் மட்டத்துக்குக் கீழ இந்த மண்ணு வருது. அது பூராம் இதுதான். நீ சீமையில நத்தைக் கூட்டுக்கு வயசு பாத்தேன்னு சொன்னியல்ல? இதுக்கு என்ன வயசுன்னு சொல்லு.”

“சொல்ல முடியாதுங்க மாமா.”

“ஏன் கண்ணு?”

“அதுக்கு மிசின் வேணுங்க. மிசின் இருந்தாலும் அந்த ஊர்க் கணக்கு நம்மூருக்கு ஆகாதுங்க.”

“செரி, எடுத்து வெய்யி” என்றுவிட்டுக் குளிக்கப் போனார். அவருக்கு வருத்தமில்லை. எனக்குத்தான் மனசுக்குள் என்னவோ போலிருந்தது. படித்த படிப்பைப் பற்றி இந்த வீட்டில் ஒருவர் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்தது ஜெர்மனியில். என் வேலை லோயஸ் என்கிற மண்ணோடு. ஐஸ் யுகத்தில் வடக்கே பெரிய பனிப்பாறைகள் கல்லை அரைத்து மாவாக்கின. மரமில்லாத அந்தக் குளிர் நிலத்தில் காற்று அந்த மாவை வாரிக்கொண்டு வந்து ஆற்றோரச் சரிவுகளில் கொட்டியது. அதுதான் லோயஸ். கையில் எடுத்தால் கடலை மாவு போலவே இருக்கும், நிறமும் அப்படித்தான். ரைன் நதிக்கு மேலே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில், இரண்டு மாடி உயரத்துக்கு அந்த மண் சுவராக நிற்கும். இடையிடையே கறுப்பாகக் கோடுகள் ஓடும். குளிர் விட்டுப் புல்லும் மரமும் வந்த காலத்து மண் அது. மறுபடி குளிர், மறுபடி மஞ்சள் மண். இந்த அடுக்கு எந்த ஐஸ் யுகத்தது, அந்த அடுக்கு எதனுடையது என்று பிரித்துச் சொல்வதுதான் எங்களுக்கு வேலை.

அதைச் சொல்பவை நத்தைகள். அந்தக் குளிர்ப் புல்லில் வாழ்ந்து, செத்து, மண்ணுக்குள் மூடிப்போனவை. நத்தை தன் கூட்டைக் கட்டும்போது சுண்ணாம்போடு கொஞ்சம் புரதத்தையும் சேர்த்துத்தான் கட்டும். அந்தப் புரதத்தில் இருக்கும் அமினோ அமிலங்களுக்கு இரண்டு வடிவம் உண்டு. இடது கையும் வலது கையும் போல, கண்ணாடியில் பார்த்தால் ஒன்று மற்றதாகத் தெரியும். உயிருள்ள நத்தை இடக்கை வடிவத்தை மட்டுமே செய்யும். செத்த பிறகு ஒவ்வொன்றாக வலக்கைக்குத் திரும்ப ஆரம்பிக்கும், இரண்டும் சமமாகும் வரைக்கும். கூட்டைக் கரைத்து, எத்தனை பங்கு திரும்பியிருக்கிறது என்று பார்த்தால், எது மூத்தது எது இளையது என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சூடு பட்டால் வேகமாகத் திரும்பும், குளிரில் மெதுவாகத் திரும்பும். அதனால் ஒரே மாதிரி குளிரில் கிடந்த கூடுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். மாமனாரிடம் அந்த ஊர்க் கணக்கு ஆகாது என்று நான் சொன்னது இதனால்தான்.

படிப்பு முடிந்து அங்கேயே இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். என் கணவருக்கும் அங்கேதான் வேலை. பிறகு அவருடைய அண்ணன் தனியாகக் கம்பெனி ஆரம்பித்துப் போனதும், மாமனாரின் நிட்டிங் யூனிட்டைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது. இருவரும் பேசி, சரி என்று ஒத்துக்கொண்டுதான் திரும்பினோம். யாரும் வற்புறுத்தவில்லை. திருப்பூரில் ஐஸ் யுகத்துக்கு வேலை இல்லை. துணிப் பரிசோதனைக்கு இருந்தது. சில சாயங்கள் உடைந்து உடம்புக்கு ஆகாத அமீன்களாக மாறும். ஏற்றுமதித் துணியில் அது இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அமீன், அமினோ அமிலம் என்று பெயரில் இருக்கிற ஒட்டுறவைத் தவிர என் பழைய வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போய், மிஷின் முன்னால் நின்றேன். கரைசலை மெல்லிய குழாய்க்குள் செலுத்தி, அதில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் மிஷின். ஜெர்மனியில் நத்தைக்கு வைத்திருந்ததும் இதே ரகம்தான். அதற்கு ஒளிரும் பொருளைக் கண்டுபிடிக்கிற தனிப் பெட்டி ஒன்று வேண்டும். எங்கள் மிஷினை முதலாளி சென்னையிலிருந்து பழசாக வாங்கியிருந்தார். அதனோடு அந்தப் பெட்டியும் வந்திருந்தது. யாருக்கும் தேவைப்படாததால் அதன் மேல் துணி போர்த்தி, பேனா ஸ்டாண்ட் வைத்திருந்தார்கள்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் நூல் வியாபாரம் செய்தவர். பிறகு மகளைக் கெமிஸ்ட்ரி படிக்க வைத்து, மகளுக்காகப் பரிசோதனைக் கூடம் வைத்து, மகள் கல்யாணமாகி மலேசியா போனதும் தானே கூடத்தைப் பிடித்துக்கொண்டவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“ஞாயித்துக்கிழமைல மிசினை நான் எடுத்துக்கலாங்களா பாய்? எங்க தோட்டத்துல நத்தைக் கூடு கெடைச்சிருக்குது. பழசான்னு பாக்கோணும்.”

“நத்தையா?” என்றார். “அந்தத் துணி போத்தின பெட்டி இருக்குதே, அது வேலை செய்யுமா?”

“பாத்தாத்தானுங்க தெரியும்.”

“வாங்கின நாள்லேர்ந்து எனக்கு அதுல ஒரு சந்தேகம். நீங்க அதை ஓட்டிக் காட்டுங்க, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு. ஆனா திங்கக்கெழமை காலையில எல்லாம் பழையபடி இருக்கணும்.”

எனக்கு அடுத்த மேசையில் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். பி.எஸ்ஸி முடித்து, காலனியில் தோழிகளோடு தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அறையில் சும்மா கிடப்பதற்கு இது மேல் என்று அவளும் வந்துவிட்டாள்.

“என்னக்கா, நத்தையவா கொதிக்க வைக்கப் போறீக?”

“கூட்டை மட்டும். ஆசிட்ல.”

“எங்க ஊர்ல குழம்பு வைப்பாக.”

கோயம்புத்தூரிலிருந்து தேவையான ரசாயனக் குப்பிகள் வந்து சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மண்ணைச் சலித்து, கூடுகளை இனம் பிரித்தோம். இனத்துக்கு இனம் வேகம் மாறும், கலந்தால் கணக்குக் கெட்டுவிடும். பெரும்பாலானவை தண்ணீர் நத்தை. ஓடை ஓடுகிற இடத்தில் வளர்கிறதில்லை, தேங்கிய தண்ணீரில் வாழ்வது. மாமனாரின் தொட்டிக் குழி ஒரு காலத்தில் குளமாக இருந்திருக்கிறது.

மிஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிய, வயது தெரிந்த கூடு ஒன்றும் வேண்டும். என்னிடம் இருந்தது. ஜெர்மனியிலிருந்து கிளம்பும்போது என் வழிகாட்டி அம்மையார் ஒரு கண்ணாடிக் குப்பியில் லோயஸ் நத்தைகள் கொஞ்சம் போட்டுக் கொடுத்திருந்தார். கடைசி ஐஸ் யுகத்துக்கும் முந்தின ஐஸ் யுகத்து அடுக்கிலிருந்து எடுத்தவை. லட்சம் வருஷத்துக்கு மேலே. அதையும் சேர்த்து வைத்தேன்.

முதல் ஞாயிறு வீணாகப் போனது. பெட்டி வேலை செய்தது, பாய்க்கு அதில் பெரிய சந்தோஷம். ஆனால் திரையில் வந்தது நத்தை இல்லை, நாங்கள். மனிதத் தோலில் நிறைய இருக்கிற ஓர் அமினோ அமிலம் மலை போல எழுந்து நின்றது. துணிச் சோதனையில் அவ்வளவு கவனம் தேவையில்லாததால் வெறுங்கையில் குப்பி மூடியைத் தொட்டுப் பழகியிருந்தோம். மொத்தமும் கொட்டிவிட்டு, கையுறை போட்டு, மறுபடி முதலிலிருந்து.

அடுத்த ஞாயிறு மதியம் சுத்தமாக வந்தது. முதலில் ரைன்கரைக் கூடு. நான் அங்கே பார்த்த அதே அளவு, கிட்டத்தட்ட பிசகில்லாமல். மூன்று வருஷம் தொடாமலிருந்த வேலை கையை விட்டுப் போகவில்லை என்று அப்போது தெரிந்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரை மடமடவென்று குடித்தேன். பிறகு எங்கள் தோட்டத்துக் கூடு. திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன, இடக்கை உயரமாக, வலக்கை குட்டையாக.

தேனிப் பெண் எட்டிப் பார்த்தாள். “அக்கா, பழசையே திரும்ப ஓட்டிட்டீகளா?”

இல்லை. இது புதுசு. ஆனால் இரண்டு கூட்டிலும் ஒரே அளவுதான் திரும்பியிருந்தது.

எனக்கு அது ஆச்சரியம் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை, ஆனால் பார்த்ததும் புரிந்துவிட்டது. வீட்டில் வந்து கணவரிடம் சொன்னேன். அங்கே லட்சம் வருஷத்துக்கு மேலே குளிரில் கிடந்து மெல்லத் திரும்பினது, இங்கே வெயிலில் சீக்கிரம் திரும்பிவிட்டது, அதனால் ஒரே மாதிரி தெரிகிறது, நம்முடையது சில ஆயிரம் வருஷமாக இருக்கலாம் என்று. மாமனார் அடுத்த அறையில் இருந்தார். முதல் பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

அது எனக்குத் தெரிந்தது அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அத்தை ஒருவர், இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க, உங்க தோட்டத்துல லச்ச வருசத்துக்கு முன்னால பனிக்கட்டியா கெடந்துச்சாமா?”

நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வரிசையில் மாமனார் இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் உட்கார்ந்து கையால் உயரம் காட்டிக்கொண்டிருந்தார். பனிப்பாறை அளவுக்கு இருந்தது.

காரில் திரும்பும்போது மெதுவாகச் சொன்னேன். “மாமா, நம்ம நத்தை ஐஸ் யுகத்து நத்தை இல்லீங்க.”

“நீதான ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னே?”

“அளவு ஒண்ணுங்க. வயசு ஒண்ணில்ல. சாயத்தொட்டியில ஒரு துணிய நல்ல சூட்டுல போடறீங்க, இன்னொண்ணப் பச்சத் தண்ணியில போடறீங்க. சூட்டுல போட்டது சித்த நேரத்துல ஏறிக்கும். பச்சத் தண்ணியில போட்டது நாள்க்கணக்கா கெடக்கோணும். கடைசியில ரெண்டும் ஒரே கலர்ல இருந்தா, ரெண்டும் ஒரே நேரம் ஊறுச்சுன்னு சொல்லலாங்களா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அவிநாசி ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன.

“அப்ப நம்முளுது சூட்டுல வெந்த நத்தை” என்றார்.

“ஆமாங்க.”

“எத்தன நேரம் வெந்துச்சுன்னு எப்பிடிச் சொல்றது?”

“எவ்வளவு சூடுன்னு தெரியோணுங்க.”

“அது நம்ம தோட்டந்தான. பாத்தாப் போவுது.”

ஊரெல்லாம் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவர் வருத்தப்படுவார் என நினைத்தேன். அவருக்கு அடுத்த வேலைதான் முக்கியமாகப் பட்டது.

ஜெர்மனியில் என் வழிகாட்டிக்கு எழுதினேன். அன்றைக்கே போன் செய்துவிட்டார். குளிர் நாட்டுக் கூடுகளுக்குத்தான் கணக்கு இருக்கிறது, வெயில் நாட்டுக்குக் குறைவு, விடாதே என்றார். மண்ணுக்குள் வைத்தால் வெப்பத்தைத் தானே பதிவு செய்யும் சின்னக் கருவிகள் இரண்டை அனுப்பி வைத்தார். மாமனார் குழிக்குப் பக்கத்தில் நத்தை அடுக்கின் ஆழத்துக்கே இன்னொரு துளை போட்டுக் கொடுத்தார். தொட்டியை அந்தப் பக்கம் கட்டவே வேண்டாமென்று தென்னைமர வரிசைக்கு அருகில் மாற்றிவிட்டார். இன்ஜினியர் காரணம் கேட்டதற்கு, “அங்க ஊட்டு வேலை ஒண்ணு நடக்குது” என்றாராம்.

அதே இன நத்தை வாய்க்கால் ஓரம் இன்னும் உயிரோடு இருந்தது. அதன் புதுக் கூடுகளை எடுத்து, ஈர மணலோடு குழாய்களில் அடைத்து, பாயின் ஓவனில் வைத்தேன். சூட்டை ஏற்றி வைத்தால் ஆயிரம் வருஷத்தில் நடப்பதைச் சில வாரங்களில் பார்க்கலாம். துணி சுருங்குகிறதா என்று பார்க்கிற ஓவன் அது, அதில் ஒரு தட்டை எனக்கென்று ஒதுக்கினார்கள். தேனிப் பெண் தட்டில் ஒரு சீட்டு ஒட்டினாள்: ‘துணி அல்ல. நத்தை. தொட வேண்டாம்.’ கீழே ஒடியாக்காரப் பையன்களுக்காக இந்தியிலும் எழுதினாள். கரண்ட் போனபோதெல்லாம் ஜெனரேட்டர் எடுக்கும்வரை நான் ஓவன் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பாய் தன் அறையிலிருந்து, “நத்தை பத்திரமாம்மா?” என்று கேட்பார்.

வருஷம் ஒன்று சுற்றி வந்ததும் கருவிகளைத் தோண்டி எடுத்தோம். மாமனாரே குழிக்குள் இறங்குவேன் என்றார், விடவில்லை. நான் இறங்கினேன், அவர் மேலே நின்று குடை பிடித்தார். அந்த ஆழத்தில் சித்திரையும் மார்கழியும் பெரிதாக மாறவில்லை. கோடையானாலும் மழையானாலும் ஒரு வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஓவன் காட்டிய வேகத்தையும் அந்த வெதுவெதுப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூவாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவில் வந்தது. அகலமான பதில்தான். நத்தை அடுக்கில் கிடைத்த கரித்துண்டு ஒன்றை வழிகாட்டி கார்பன் முறையில் வயது பார்க்கச் சொல்லியிருந்தார். அதுவும் அந்த அகலத்துக்குள்ளேயே வந்து விழுந்தது.

மாமனாரிடம் சொன்னேன். லட்சம் போய் சில ஆயிரம் ஆனதில் ஏமாற்றம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கரித்துண்டைப் பிடித்துக்கொண்டார்.

“கரின்னா, அடுப்பெரிச்ச கரியா?”

“இருக்கலாங்க. காட்டுத் தீயாவும் இருக்கலாம். சொல்ல முடியாதுங்க.”

“அந்தக் காலத்துல இங்க ஆள் இருந்திருப்பாங்களா?”

“இருந்திருப்பாங்கன்னுதான் தோணுது.”

“பனிக்கட்டியில ஆரு இருக்கறது?” என்றார் அவர். “இதுதான் நல்லா இருக்குது. ஓடை, குளம், ஆளு.” அடுத்த கல்யாணத்தில் அவர் இதைத்தான் சொன்னார். அத்தைகளுக்கும் இது இன்னும் பிடித்திருந்தது.

இப்போது பாயின் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கென்றே ஆகிவிட்டன. உடுமலைப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள், ஓடையைத் தூர்வாருகிறவர்கள், நத்தை தெரிந்தால் மாமனாருக்குப் போன் செய்கிறார்கள். ரைன்கரையிலிருந்தும் லோயஸ் கூடுகள் தபாலில் வருகின்றன. அந்த மண்சுவரில் சந்தேகமாக நின்ற ஓர் அடுக்கு, கடைசி ஐஸ் யுகத்ததா அதற்கு முந்தினதா என்று அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதில் பாதிக் கூடுகளை நான் வேலம்பாளையத்தில் ஓட்டினேன். முந்தினதுதான். அங்கே அவர்கள் ஓட்டிய பாதியிலும் அதே பதில் வந்தது. தேனிப் பெண் மேலே படிக்கப் போகிறேன் என்கிறாள், நத்தையா சாயமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போன மாதம் வழிகாட்டி அம்மையார் வீடியோ காலில் வந்தார். அந்தச் சுவருக்கு முன்னாலேயே நின்று, கோட்டும் தொப்பியும் போட்டு, புது அடுக்கு ஒன்றைக் காட்டினார். நான் தோட்டத்தில் இருந்தேன். மாமனார் பக்கத்தில் வந்து போனை எட்டிப் பார்த்தார்.

“அந்த மஞ்ச மண்ணுதான் லோயஸா? வெள்ளாமைக்கு ஆகுமான்னு கேளு.”

கேட்டுச் சொன்னேன். மிக நல்ல மண், கோதுமையும் பீட்ரூட்டும் திராட்சையும் பிரமாதமாக வரும் என்றார் அம்மையார்.

“தண்ணி நிக்குமா?”

“ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்குமாங்க. ஆனா மழைக்குச் சீக்கிரம் கரையுமாம்.”

“அப்ப வரப்பு நல்லாப் போட்டுக்கோணும்னு சொல்லு.”

அதையும் சொன்னேன். அம்மையார் சிரித்துவிட்டு, விவசாயிகளிடம் கட்டாயம் சொல்வதாகச் சொன்னார். குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, போனுக்கு நேராகப் பிடித்து, விரல் நடுவில் உதிர்த்துக் காட்டினார். மாமனார் போனை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“கடல போடலாம்” என்றார்.